வெளிச்சத்துக்கு முன்னால் ஓடியவன்

ஹிரோஷிமா நாள் கண்காட்சியில் ஒன்பதாம் வகுப்புக்கு விழுந்த தலைப்பு வெப்பம். தலைமையாசிரியை பெர்னதெத் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்தார். அமைதிக்கு அடையாளமான காகிதக் கொக்கு மடிப்பது எட்டாம் வகுப்புக்குப் போயிற்று, கதிரியக்கம் பத்தாம் வகுப்புக்கு. குண்டு வெடித்த கணத்தில் கிளம்பிய வெளிச்சமும் சூடும் மனித உடம்பை என்ன செய்தன என்று அட்டைகளில் எழுதிக் காட்டும் வேலை, ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் சங்கமித்ராவிடம் வந்தது.

தலைப்பை மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம் என்று தலைமையாசிரியை அறை வாசல் வரை போனாள். காரணம் கேட்பார். சொன்னால் தலையைச் சாய்த்து ‘ஐயோ பாவம்’ என்று ஒரு பார்வை பார்ப்பார். மூன்று வருஷமாக அந்தப் பார்வையை வாங்கி வாங்கி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

காரணம் அவள் கணவன் குணசேகர். பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவன் எலக்ட்ரீஷியனாக இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் மாதத்தில் ஒரு மத்தியானம், மின் பேனலுக்குள் அவன் கையிலிருந்த ஸ்பானர் நழுவிவிட்டது. பேனலுக்குள் ஒரு சூரியன் உதித்த மாதிரி ஃப்ளாஷ் அடித்தது. ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டிருந்ததால் கண்ணும் நெற்றியும் பிழைத்தன. மோவாய், கழுத்து, மார்பு, இரண்டு கைகள் எல்லாம் வெந்து போயின. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கப்புறம் அதே கம்பெனியில் ஸ்டோர் ரூமில் உட்காரும் வேலை கொடுத்தார்கள்.

இருவரும் கோலார் தங்கவயல்காரர்கள். விடிகாலை மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போன காலத்தில்தான் பழக்கம். அந்தப் பெட்டியில் குணசேகர் ஏறினால் பங்காருப்பேட்டை வருவதற்குள் எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். சங்கமித்ரா முதலில் விழுந்தது அந்தப் பேச்சில்தான். கல்யாணமாகி லிங்கராஜபுரத்தில் வீடு பிடித்த பிறகும் பேச்சு குறையவில்லை. விபத்துக்குப் பிறகுதான் அவன் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிறவனாக ஆனான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவள் அவள். அதனால் அவன் மார்பில் இருந்தது அவளுக்குத் தெரியும். அன்று அவன் போட்டிருந்தது நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பருத்திச் சட்டை. அந்தக் கட்டங்கள் அப்படியே தோலில் இறங்கியிருந்தன. கருஞ்சிவப்பாக ஒரு சதுரம், பக்கத்தில் நல்ல தோலாக ஒரு சதுரம். டாக்டரைக் கேட்டதற்கு, “சில பேருக்கு அப்படி ஆகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். “என் மேல பாண்டி ஆடலாம்” என்று குணசேகர் ஒரே ஒரு தரம் சொன்னான். கட்டுப் போடுவது நின்ற நாளிலிருந்து அவன் பனியனைக் கழற்றி அவள் பார்க்கவில்லை.

பள்ளி நூலகத்தில் அவள் தேடி எடுத்த புத்தகத்தில் ஒரு பெண்ணின் முதுகு இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் பெண் உடுத்தியிருந்த துணியின் கோலம் முழுக்க முதுகில் பதிந்திருந்தது. கீழே நாலு வரி. அடர்ந்த நிறம் வெப்பக் கதிரை உறிஞ்சிக்கொண்டது, வெளிர் நிறம் திருப்பி அனுப்பியது, அதனால் துணியில் கறுப்பாக இருந்த இடமெல்லாம் உடம்பில் தீக்காயமாயிற்று. சங்கமித்ரா அந்தப் பக்கத்தில் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது கேட்கவில்லை, பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள்.

அட்டைகளைப் பள்ளியிலேயே எழுதி முடித்துவிடத்தான் நினைத்தாள். பிரேசர் டவுன் பள்ளி, பார்க்க வரும் பெற்றோரில் தமிழர், கன்னடக்காரர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் உண்டு. ஆகவே இங்கிலீஷ், கன்னடம், தமிழ் மூன்றிலும் எழுத வேண்டியிருந்தது. நேரம் போதவில்லை. ஒரு சனிக்கிழமை ஆறு அட்டைகளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, குணசேகர் குளிக்கப் போயிருந்த சமயம் பார்த்து பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குடையைத் தேடிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் கையை விட்டான்.

“மித்ரா, இன்னாது இது?”

அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அட்டைகள் கட்டில்மேல் விரிந்து கிடந்தன. முதுகுப் படத்தின் நகல் மேலாக இருந்தது.

“ஸ்கூல் வேல. எனக்குத்தான் இந்த டாபிக் விழுந்துச்சு. நீ பாக்க வேணாம்னு...”

“நான் பாக்கக் கூடாதுன்னு ஒளிச்சியா?”

“ஆமா.”

அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, முதல் அட்டையிலிருந்து படிக்க ஆரம்பித்தான். ஸ்டோர் ரூம் பதிவேட்டைப் படிப்பதைப் போல விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தான். இரண்டாவது அட்டையில் விரல் நின்றது.

“சதுர சென்டிமீட்டருக்கு இத்தன கலோரின்னு போட்டிருக்கியே, இது எங்க பேனல் மேலயும் ஸ்டிக்கர்ல ஒட்டியிருக்கும். ஒண்ணு புள்ளி ரெண்டு தாண்டினா தோல் கொப்புளிக்கும். போட்டுக்கற கோட்டு சூட்டுலயே எட்டு தாங்கறது இருக்கு, நாப்பது தாங்கறது இருக்கு.”

அவள் அது வரை அதைக் கேட்டதில்லை. “குண்டுக்கும் பேனலுக்கும் ஒரே அளவுதானா?”

“சூடு எங்கேர்ந்து வந்தா இன்னா, தோலுக்கு ஒண்ணுதான” என்றான். அன்றைய இருபது வார்த்தை அதிலேயே தீர்ந்துவிட்டது. சங்கமித்ரா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாலாவது அட்டை மறைவைப் பற்றியது. வெப்பக் கதிர் வெளிச்சத்தைப் போல நேர்கோட்டில்தான் போகும், சுவரோ மரமோ இன்னொரு மனிதரோ குறுக்கே இருந்தால் அதற்குப் பின்னால் போகாது, முன்னால் நின்றவர் வெந்துபோக அவர் மறைவில் நின்றவர் மேல் கொப்புளம்கூட இல்லாமல் இருந்தது உண்டு, வெடிச்சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருந்தது என்று எழுதியிருந்தாள். குணசேகர் அதைப் படித்தான். மறுபடியும் முதல் வரிக்குப் போய்ப் படித்தான்.

“எனக்கும் பேனலுக்கும் நடுவுல ரெண்டடி இருக்கும். அந்த வெளிச்சம் எங்கிட்ட வர எவ்ளோ நேரம் ஆவும்?”

“நேரம்னு சொல்லவே முடியாது. கண்ணு இமைக்கறதுக்குள்ள பூமியச் சுத்திட்டு வந்துடும்.”

“அப்ப, ஃப்ளாஷ் வருதுன்னு பாத்து ஒதுங்கறது...”

“பாத்தன்னாலே அது உன்மேல பட்டாச்சுன்னு அர்த்தம்.”

“யாராலயும் முடியாதா? ரொம்ப உஷாரான ஆளு, ஏழு வருஷ அனுபவம்?”

“யாராலயும் முடியாது குணா. எதுக்குக் கேக்கற?”

அவன் அட்டையை மடிமேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். “மஞ்சு ஓடிட்டான்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றான்.

மஞ்சுநாத் அவனோடு ஏழு வருஷம் ஜோடியாக வேலை செய்தவன். தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரன். சம்பவம் நடந்த அன்று குணசேகருக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். குணசேகர் ஏன் அவன் ஃபோனை எடுப்பதில்லை, ஏன் அவன் நம்பரையே பிளாக் செய்தான் என்று சங்கமித்ராவுக்குத் தெரியாது. என்னவோ தொழிற்சாலைச் சண்டை என்று விட்டுவிட்டாள். இப்போதுதான் அவன் சொன்னான்.

“அடிச்சவுடனே கண்ணெல்லாம் வெள்ளையாப் பூடுச்சு. ஒண்ணும் தெரியல. வெள்ள கலைஞ்சி வந்தப்ப மொதல்ல தெரிஞ்சது அவன் முதுகுதான். வாசல் வழியா வெளிய ஓடறான். அவன்மேல ஒரு கீறல் இல்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எப்படி இல்லாம இருக்கும்? வரப்போவுதுன்னு தெரிஞ்சி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஒதுங்கியிருக்கான்னு நெனச்சேன். மூணு வருஷமா அதான் நெனப்பு. வலி கூட அப்பப்ப மறந்துடும், இது மறக்காது.”

“அவர் ஒதுங்கல. உன் பின்னால நின்னாரு, அவ்ளோதான்” என்றாள் சங்கமித்ரா. அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மஞ்சுநாத் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். ஏப்ரல் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராண்டாவில் நின்றான். குணசேகர் பார்க்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டதால், “தூங்கறார், அப்புறம் வாங்க” என்று பொய் சொல்லி அனுப்பியது அவள்தான். இரண்டாம் தரம் அவன் கொண்டுவந்த ஆரஞ்சுப் பையைக்கூட அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“இப்ப எங்க இருக்காரு?”

“சிவாஜிநகர்ல மோட்டார் வைண்டிங் கடைன்னு ஸ்டோருக்கு வர்றவங்க சொன்னாங்க.”

அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். “கெளம்பு. போலாம்.”

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துணிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு, கறிக்கடைச் சந்தைத் தாண்டிப் போனார்கள். மூன்று பேரிடம் கேட்ட பிறகு கடை கிடைத்தது. கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை. மிக்ஸி மோட்டார்களும் கழற்றிய ஃபேன்களும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தன. அந்த இடத்தில் மஞ்சுநாத் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கம்பியை விட்டுவிட்டான். அது சுருள் பிரிந்து தரையில் ஓடியது.

“குணா” என்றான். அப்புறம் வேட்டித் துணியால் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே இருந்தான், அது சுத்தமாகி வெகுநேரம் ஆன பிறகும். “பா குரு. உக்காரு. அத்திகெ, நீங்களும் உக்காருங்க. சா சொல்றேன்.” சங்கமித்ராவை அவன் கன்னடத்தில் அத்திகெ, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

“சா அப்பால ஆவட்டும்” என்றான் குணசேகர். அவன் நின்றுகொண்டே இருந்தான். “நீ ஃப்ளாஷ் வர்றதுக்கு முன்னாடியே ஓடிட்டேன்னு நெனச்சேன்டா. தப்பா நெனச்சிட்டேன். அது யாராலயும் முடியாதுன்னு இவ எழுதி வெச்சிருக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

மஞ்சுநாத் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் ஓடினேனே குணா.”

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டே போயிற்று. அது போனதும் மஞ்சுநாத் தொடர்ந்தான்.

“முன்னாடி இல்ல, அப்புறம். அடிச்சுது, நீ சாஞ்சே, நான் ஓடிட்டேன். வெளிய போயி வேப்பமரத்தப் பிடிச்சிட்டு நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. அப்புறம் நீ கூப்டே.”

“நான் கூப்டேனா?”

“மஞ்சூன்னு கூப்டே. அப்பதான் திரும்பி வந்தேன். உன் சட்டை புகையுது. அங்க கெடந்த கோணிய எடுத்துப் போட்டு அமுக்கினேன். ஆனா ஓடினது ஓடினதுதானே. ஆஸ்பத்திரில நீ பாக்க மாட்டேன்னதும், சரி, உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்.”

கோணி போட்டு அணைத்தது செக்யூரிட்டி ஆட்கள் என்றுதான் குணசேகர் இது வரை நினைத்திருந்தான். கூப்பிட்டது அவனுக்கு நினைவில் இல்லவே இல்லை. ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தான்.

“ஏப்ரல் மாசம் ஏன் ஸ்வெட்டர் போட்டிருந்தீங்க?” என்று கேட்டாள் சங்கமித்ரா.

மஞ்சுநாத் தயங்கினான். பிறகு வலது கைச் சட்டையின் பட்டனை அவிழ்த்து மேலே சுருட்டினான். முழங்கைக்குச் சற்றுக் கீழே தோல் நிறம் மாறியது. அங்கிருந்து விரல் வரை சுருங்கி, வழுவழுவென்று மினுங்கிய வெந்த தோல். அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத நல்ல தோல். இரண்டுக்கும் நடுவில் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.

“டார்ச்ச உன் தோளுக்கு மேல நீட்டிப் பிடிச்சிருந்தேன் இல்ல? நீட்டின கை மட்டும் வெளிய இருந்துது. மிச்சமெல்லாம் உன் பின்னால. உனக்கு அவ்வளவு ஆகியிருக்கு, எனக்கு இவ்வளவுதானான்னு எல்லாரும் கேப்பாங்கன்னு வெக்கமா இருந்துச்சு. அதான் ஸ்வெட்டர். ஓசூர் ரோட்ல ஒரு கிளினிக்ல கட்டு போட்டுக்கிட்டேன், யாருக்கும் சொல்லல.”

குணசேகர் அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இரண்டும் வெந்த கைகள். தன் கட்டைவிரலால் அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தரம் தடவினான். அது தன் தோளின் நிழல் விழுந்த ஓரம் என்பது அவனுக்குப் புரிந்தது.

“இழுக்குதா?”

“டிசம்பர்ல இழுக்கும். விரல் மடங்காது.”

“எனக்குக் கழுத்து. தேங்காண்ணெய் போடறியா?”

“போடறேன்.”

“சூடு பண்ணிப் போடு. ஆறினதப் போட்டா ஒண்ணும் ஆவாது.”

இருவரும் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ணெயைப் பற்றிப் பேசினார்கள். சங்கமித்ரா, “ஆரஞ்ச வாங்காம அனுப்பிட்டேன், மன்னிச்சிடுங்க” என்றாள். “அத நானே தின்னுட்டேன் அத்திகெ, புளிப்பு” என்றான் மஞ்சுநாத். குணசேகர் சிரித்தான். மாரிகுப்பம் ரயிலில் கேட்ட சிரிப்பு அது. மோவாய்த் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் கொஞ்சம் கோணலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் ஜன்னல் பக்கம் நின்றான். சாயங்கால வெயில் சாய்வாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சட்டையைக் கழற்றினான். கொஞ்சம் யோசித்து பனியனையும் கழற்றினான்.

“துணி கலர் பத்தி எழுதின அட்டைல இருக்கறத எனக்குச் சொல்லு. எது ஏன் வெந்துச்சுன்னு சொல்லு.”

அவள் கிட்டே போய்ச் சுட்டுவிரலை ஒரு சதுரத்தின்மேல் வைத்தாள். “இது நீலம். வந்த சூட்டயெல்லாம் உள்ள வாங்கிக்கிச்சு.” விரலைப் பக்கத்துச் சதுரத்துக்கு நகர்த்தினாள். “இது வெள்ளை. முடிஞ்ச வரைக்கும் திருப்பி அனுப்பிச்சுது.” இப்படியே வலமிருந்து இடமாகப் போனாள். குரல் நடுங்கக் கூடாது என்று வகுப்பில் பாடம் நடத்துகிற குரலை வரவழைத்துக்கொண்டாள். பாதி வழியில் அந்தக் குரல் உடைந்துபோனது. நெற்றியை அந்தக் கட்டங்கள்மேல் வைத்துக்கொண்டாள். அவன் கை அவள் தலைமேல் வந்து நின்றது.

“அந்த அம்மா படத்த மாட்டாத மித்ரா” என்றான் கொஞ்ச நேரம் கழித்து. “யாரோ, எவ்ளோ வலியோ. பசங்க கூட்டமா நின்னு பாப்பாங்க. துணி கோலத்த மட்டும் வரைஞ்சி வெய்யி. உடம்புல எப்டி ஆவும்னு கேட்டா, நான் வந்து சொல்றேன்.”

“நீ வர்றியா? அவ்ளோ பேர் இருப்பாங்களே.”

“வர்றேன். அட்டை மட்டும் போதாது. படிச்சிட்டு மறந்துடுவாங்க. மஞ்சுவ வெச்சி ஒண்ணு பண்றேன்.”

ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கே குணசேகரும் மஞ்சுநாத்தும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். மஞ்சுநாத் பழைய ரூம் ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, பளபளப்பான தகட்டை அதன் பின்னால் வளைத்துக் கட்டினான். கடைகளில் பில் அடிக்கிற காகிதச் சுருளைக் குணசேகர் பலகையில் நீட்டி ஒட்டினான். சூடு பட்டால் கறுத்துப் போகிற காகிதம் அது. அதற்கு முன்னால் அட்டையில் வெட்டிய ஒரு ஆள் உருவம். ஹீட்டரைப் போட்டதும் காகிதம் மெதுவாகக் கறுத்தது. அணைத்துவிட்டு அட்டை ஆளை எடுத்தபோது, கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு மனிதன் நின்றிருந்தான். பிள்ளைகள் கூச்சல் போட்டு மறுபடி செய்யச் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே தங்கள் அறையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள்.

“இது வெறும் ஹீட்டர்” என்றான் குணசேகர். “அங்க நடந்தது ஊரையே எரிக்கற சூடு. கல்லு மேலயே இப்படி நிழல் தங்கிப் போச்சு. காகிதம் கிழிஞ்சா வேற ஒட்டிக்கலாம், அங்க அப்படி முடியல.”

எட்டாம் வகுப்பு ஸ்னேஹா முன்னால் வந்தாள். அவன் மோவாயையும் கையையும் பார்த்துவிட்டு நேராகவே கேட்டாள். “அங்கிள், உங்களுக்கும் குண்டா?”

பக்கத்தில் நின்ற ஆசிரியைகள் திடுக்கிட்டு அவளை இழுத்தார்கள்.

“இல்லம்மா, கரன்ட்டு. ஒரே ஒரு செகண்டு கூட இல்ல” என்றான் குணசேகர்.

“ரொம்ப வலிச்சுதா?”

“வலிச்சுது.”

“அவங்களுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்குமா? அந்த ஊர்ல?”

அவன் யோசித்தான். “எனக்குத் தண்ணி குடுக்க ஆளு இருந்துச்சு. ஆஸ்பத்திரி இருந்துச்சு, உங்க மிஸ் இருந்தாங்க. அங்க ஆஸ்பத்திரியே எரிஞ்சிபோச்சு. டாக்டரும் நர்ஸும் கூட வெந்துட்டாங்க. அதனால அவங்க வலி எனக்குத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்.”

ஸ்னேஹா தலையை ஆட்டினாள். கையிலிருந்த காகிதக் கொக்கை என்ன செய்வதென்று தெரியாமல், ஹீட்டர் பக்கத்தில் வைக்கப் போய், சூடு என்று நினைத்து, மஞ்சுநாத்தின் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. பெர்னதெத் வந்து, அடுத்த வருஷமும் வர வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனார். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. சங்கமித்ரா அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஹீட்டருக்குப் போட்ட ஒயர் ஜாயின்ட் சரியில்லை, தொட்டால் சுடுகிறது, இப்படியா முறுக்குவது என்று குணசேகர் மஞ்சுநாத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். ஏழு வருஷம் இதே ஜாயின்ட்டைத்தான் போட்டேன், அப்போதெல்லாம் வாய் திறந்தாயா என்று மஞ்சுநாத் கன்னடத்தில் திருப்பிக் கேட்டான். குணசேகரும் கன்னடத்துக்கு மாறினான். இப்போதைக்கு இது முடியாது என்று தெரிந்ததும் சங்கமித்ரா குடையை எடுத்துக்கொண்டாள்.

“ரெண்டு பேருக்கும் பசிக்குதா இல்லியா?”

ஒயரைப் பிரித்து மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தெருமுனை பேக்கரிக்கு பன் வாங்கப் போனாள்.